வளை இறுகும் நோய்

இலக்கியப் பத்திரிகையில் தைராய்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிற நண்பர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் எப்படி வாங்கிக்கொள்கிறார், அதில் எதை எடுத்துக்கொண்டு எதைத் தள்ளுகிறார், தள்ளியதற்கு என்ன பெயர் வைக்கிறார் என்பதெல்லாம் விமர்சனத்தின் அடிப்படைப் பிரச்னைகள் என்றால், சமீப வருஷங்களில் நான் நேரில் பார்த்த மிக மோசமான விமர்சனம் ஒரு டாக்டரின் அறையில் நடந்தது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. விமர்சனத்துக்கு உள்ளானவள் என் அக்கா.

அக்கா திருவையாற்றுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறாள். 2016ல் அவளுக்கு வயது நாற்பத்தாறு. அந்த வருஷம் வீட்டில் ஒரு கல்யாணம். கையில் இருபது வருஷமாகக் கிடந்த இரண்டு வளையலை அழித்துப் புதிதாகச் செய்யலாம் என்று நினைத்தவளுக்கு அவற்றைக் கழற்ற முடியவில்லை. சோப்பு, விளக்கெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பத்தர் வந்து வெட்டி எடுத்தார். "சம்சாரம் நல்லா நடக்குது போல இருக்கு" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அக்னி நட்சத்திர வெயிலில் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்ததும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்ததும், ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்த குரல் கரகரத்துக் கீழே இறங்கியதும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தன. தனித்தனியாகத் தெரிந்திருந்தன. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். டி.எஸ்.எச். என்கிற அந்த எண் முப்பத்தெட்டிலிருந்து படிப்படியாக மூன்று சொச்சத்துக்கு இறங்கிற்று. அதோடு மருத்துவத்தைப் பொறுத்தவரை கதை முடிந்தது. அக்காவைப் பொறுத்தவரை முடியவில்லை. முகத்தின் வீக்கம் வடிந்தது உண்மை. ஆனால் காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு முந்தின நாள் முழுவதும் களை பறித்த உடம்பாக இருந்தது. ஞாபகம் நழுவிற்று. குளிர் போகவில்லை. அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வார்த்தை: "முடியலை."

முதல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "நார்மலா இருக்கும்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்லை. தினம் கொஞ்சம் நடங்க" என்றார். இரண்டாமவர் மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார். மூன்றாமவர் அக்காவை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்னையா சார்?" என்று கேட்டார். அவள் எதிரிலேயே கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். இந்தக் கட்டுரை அந்த நாற்காலியில் ஆரம்பித்தது.

2

நோயாளி சொல்வது கணக்கில் எடுக்கப்படாமல் போவது நமக்குப் புதிய விஷயமல்ல. சங்கக் கவிதையில் அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. தலைவியின் உடல் மெலிகிறது, நிறம் மாறுகிறது. தாய் கவலைப்பட்டு வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கை உருட்டிப் பார்த்து, இது முருகன் செயல் என்கிறான். களம் இழைத்து ஆடு வெட்டி வெறியாடுகிறார்கள். காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். வெறியாட்டுக் கவிதைகளின் நகை முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது.

இந்த அமைப்பைக் காதலிலிருந்து பிரித்துத் தனியாகப் பாருங்கள். அறிகுறியைக் கண்ணால் கண்டவள் தாய். பரிசோதனை செய்பவன் வேலன். நோயின் கதை தெரிந்தவள் தோழி. நோயுற்றவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் அவள் சொல்ல மாட்டாள், நாணம் தடுக்கிறது. அறத்தொடு நிற்றல் என்ற பெயரில் தோழி பேசிய பிறகுதான் உண்மை வீட்டுக்குள் வருகிறது.

கழங்கும் ரத்தப் பரிசோதனையும் ஒன்று என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கழங்கு பொய், டி.எஸ்.எச். மெய். அந்த எண் இல்லாவிட்டால் அக்கா இன்னும் போர்வைக்குள்தான் இருந்திருப்பாள், நாங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்திருப்போம். நான் சொல்வது வேறு. உபகரணம் பொய்யாக இருந்த காலத்திலும் மெய்யாக இருக்கிற காலத்திலும், அதைக் கையில் வைத்திருப்பவன் எதிரில் இருக்கும் பெண்ணிடம் கேட்க வேண்டியதில்லை என்று நினைப்பது மட்டும் மாறாமல் வந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அது நம் கவிதையியலைச் சேர்ந்தது. பெண்ணின் உடல் துன்பத்துக்கு நம் மரபு வைத்திருக்கும் அடையாளங்களைப் பாருங்கள். தோள் மெலியும். நுதல் பசக்கும். வளை நெகிழும். பக்திக் கவிதைக்கு வந்தால் கடவுளிடமும் வளை போகும். எல்லாம் குறைதலின் அடையாளங்கள், அழகு குறைவதையே அழகாகச் சொல்கிறவை. இவற்றில் தேர்ந்த வாசகனுக்கு நெகிழ்ந்த வளையைக் கண்டதும் நெஞ்சு இளகிவிடுகிறது. என் அக்காவின் வளை நெகிழவில்லை, இறுகிற்று. இறுகும் வளைக்கு நம்மிடம் துறை இல்லை. உடல் பருத்து, முகம் உப்பி, குரல் தடித்த பெண்ணுக்கு நம் கற்பனையில் கிடைக்கிற ஒரே இடம் நகைச்சுவை. தமிழ் சினிமா அந்த இடத்தைப் பல பத்தாண்டுகளாக விடாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறது. பத்தர் சிரித்தது அவருடைய தனிப்பட்ட குற்றமல்ல. அவர் கையில் இருந்த மரபு அவருக்குச் சிரிக்க மட்டும் கற்றுக்கொடுத்திருந்தது.

சொற்களின் நிலையும் இப்படித்தான். நோயைச் சொல்ல மொழியில் வார்த்தை இல்லை என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926ல் ஒரு கட்டுரையில் ஆங்கிலத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அசதி, அலுப்பு, களைப்பு, சோர்வு, அயர்ச்சி, மந்தம், தள்ளாமை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே யாருக்கோ குத்தகைக்குப் போயிருக்கிறது. அலுப்பு சலிப்போடு சேர்ந்துவிட்டது. மந்தம் வயிற்றுக்கும் படிக்காத பையனுக்கும். சோர்வு டானிக் விளம்பரத்துக்கு. தள்ளாமை கிழவர்களுக்கு. களைப்பு, அசதி இரண்டும் கௌரவமான சொற்கள்தாம், ஆனால் சொன்ன உடனே காரணம் காட்டச் சொல்கின்றன. 'அப்படி என்ன வேலை செய்தாய்?' வேலைக்குப் பின்னால் வரும் களைப்புக்குச் சொல் இருக்கிறது. வேலைக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும் களைப்புக்கு இல்லை. அக்கா 'முடியலை'யில் போய் நின்றது இதனால்தான். அது பெயர்ச்சொல் இல்லை. நோயின் பெயர்போலக் கேட்கவில்லை. டாக்டரின் காதில் அது புலம்பலாக விழுந்தது. செத்தவர்களுக்காகப் பெண்கள் புலம்பினால் நாம் அதை ஒப்பாரி என்று தொகுத்து வைக்கிறோம். உயிரோடிருக்கும் தன் உடம்புக்காக ஒருத்தி புலம்பினால் அதற்கு இலக்கிய அந்தஸ்தும் இல்லை, மருத்துவ அந்தஸ்தும் இல்லை.

3

தஞ்சாவூர்க்காரர்கள் நோயை எழுதாதவர்கள் அல்ல. இந்த மண்ணின் நாவல்களில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978). கணேசனின் தொழுநோய் ஊரறிந்த நோய். அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. அவனைப் பார்த்தவன் விலகுகிறான் அல்லது பிச்சை போடுகிறான். அவனுடைய வேதனை நம்பப்படுமா என்ற கேள்வி நாவலில் எழ வழியில்லை, உடம்பே சாட்சியாக நிற்கிறது. கரிச்சான் குஞ்சு அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருக்கும் பசிகளுக்குள் போகிறார்.

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' (1992). கும்பகோணத்துப் பட்டு ஜரிகை உலகத்திலிருந்து வந்த எழுத்தாளர் தன் சொந்த அனுபவத்தை வைத்து எழுதியது. மகாலிங்கத்தின் காதில் குரல்கள் கேட்கின்றன. வேறு யாருக்கும் கேட்பதில்லை. வெளியே எந்த அடையாளமும் இல்லாத ஒரு துன்பத்தைப் பிறர் நம்பும்படி சொல்ல முடியுமா என்கிற சவாலை ஒரு தமிழ் நாவல் இவ்வளவு நேராக எடுத்துக்கொண்டது அபூர்வம். வெங்கட்ராம் ஜெயிக்கிறார். எப்படியென்றால் அந்தக் குரல்கள் பேசுகின்றன, ஏசுகின்றன, ஆபாசமாகக் கூச்சலிடுகின்றன. வெளியே ஓசையில்லாத நோய் உள்ளே நாடகம் நடத்துகிறது. நாவல் அதை முருக பக்தன் ஒருவனின் ஆன்மிகப் போராட்டமாக உயர்த்திக்கொள்ள முடிகிறது.

தி. ஜானகிராமனின் 'செம்பருத்தி'. சட்டநாதனின் மனைவி புவனா நாவலின் பெரும்பகுதியில் எவ்வளவு இதமானவள் என்று படித்தவர்களுக்குத் தெரியும். கடைசிப் பகுதியில், நடுவயதின் உடல்மாற்றத்தோடு, அவள் சந்தேகமும் வெடிப்புமாக மாறுகிறாள். பெண்ணின் குணமாற்றத்துக்குப் பின்னால் ஒரு தேகம் இருக்கிறது என்று யோசித்த அளவில் ஜானகிராமன் தன் காலத்தவர்களைவிட முன்னால் இருக்கிறார். ஆனால் அந்த மாற்றம் முழுவதும் சட்டநாதன் பக்கத்திலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. அவன் பொறுத்துக்கொள்கிறான், அவன் புரிந்துகொள்கிறான், அவனுடைய பொறுமை நம்மை உருக்குகிறது. புவனாவுக்குத் தன் உடம்பு என்னவாக இருந்தது என்பது அந்த நாவலின் கேள்வியாக இல்லை. அங்கே அவள் நோயாளி, அவன்தான் அனுபவஸ்தன்.

ஆக, கண்ணுக்குத் தெரியும் நோய்க்கு ஒரு நாவல். தெரியாவிட்டாலும் உள்ளே இரைச்சல் போடும் நோய்க்கு ஒரு நாவல். பக்கத்தில் இருப்பவன் பார்வையில் ஒரு பெண்ணின் உடம்பு பற்றி ஒரு நாவல். கண்ணுக்கும் தெரியாமல், இரைச்சலும் போடாமல், ஒருத்தியை மெல்ல மெல்ல அணைத்துக்கொண்டே போகும் நோயை அவளே சொல்கிற எழுத்தை இந்த வரிசையில் நான் தேடினேன். என் வாசிப்பில் அகப்படவில்லை. தைராய்டு குறைவு இலக்கியத்துக்கு லாயக்கில்லாத நோய் என்று சொல்லிவிடலாம். அதில் நாடகம் இல்லை, உச்சகட்டம் இல்லை, மரணமும் பெரும்பாலும் இல்லை. வேகம் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் நாடகம் இல்லாததைச் சொல்வதற்குத்தானே நவீன உரைநடை என்று ஒன்று வந்தது? மௌனியையும் கு.ப.ரா.வையும் தந்த ஜில்லாவில் இதைக் கேட்க வேண்டியிருப்பது விநோதம்.

4

மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. இந்த நோயைக் கண்டுபிடித்தவர்கள் எண்ணால் கண்டுபிடிக்கவில்லை, உரைநடையால் கண்டுபிடித்தார்கள். 1873ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், வயதுவந்த பெண்களிடம் காணும் ஒரு விசித்திர மந்தநிலை என்று சிலரை விவரித்து ஒரு கட்டுரை வாசித்தார். முகம், நாக்கு, கை, பேச்சு, மனம் எப்படி மாறிற்று என்று வரிசையாகச் சொன்னார். நான்கு வருஷம் கழித்து வில்லியம் ஆர்ட் அதற்கு மிக்ஸிடீமா என்று பெயர் வைத்தார். 1888ல் லண்டன் கிளினிக்கல் சொஸைட்டி நியமித்த குழு நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1891ல் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்ணைத் தேற்றினார். அவளுக்கும் வயது நாற்பத்தாறு. அதன்பின் இருபத்தெட்டு வருஷம் இருந்தாள். 1949ல்கூட ரிச்சர்ட் ஆஷர், மனம் பேதலித்தவர்களென்று கருதப்பட்ட பதினான்கு பேரிடம் இந்த நோயைக் கண்டு எழுதியபோது, அவர்களுடைய குரல் எப்படியிருந்தது என்று சொல்ல உவமை தேடிப் போகிறார். அவருக்கு உவமை வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

1960களின் நடுவில் டி.எஸ்.எச்.சை ரத்தத்தில் அளக்கும் முறை வந்தது. பிறகு அது மேலும் மேலும் நுட்பமாயிற்று. லாபம் சாமான்யமல்ல. 2013ல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்தபோது நூற்றுக்குப் பதினோரு பேருக்கு, அவர்களிலும் பெண்களுக்கே அதிகமாக, இந்தக் குறைவு இருந்தது. நூற்றுக்கு மூன்றரைப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. எந்த உரைநடையும் இவர்களைக் கண்டுபிடித்திருக்காது. ஆனால் இந்த லாபத்தின் கூடவே ஒரு நஷ்டமும் வந்தது. எண் வந்தபின் விவரணை தேவையற்றதாகிவிட்டது.

தஞ்சாவூருக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் காலத்தில் கண் நோயாளிகளுக்கு எழுதிய சிகிச்சைக் குறிப்புகள், அந்தந்தக் கண்ணின் வண்ண ஓவியத்தோடு, சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஒரு தனி மனிதனின் ஒரு தனிக் கண்ணை உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறார்கள். நோயைப் பொதுவாகப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்ததற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் கண்ணை வரையலாம். அசதியை எப்படி வரைவது? நம் அரசாங்கங்களும் வரையக்கூடியதைத்தான் முதலில் கவனித்தன. 1962ல் தேசியக் கழலை நோய்த் திட்டம் வந்தது, கழலை கழுத்தில் தெரிந்ததால். உப்பில் அயோடின் கலந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அக்காவுக்கு வந்தது உப்புக் குறைவால் வந்ததல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே எதிரியாக எடுத்துக்கொண்டதால் வந்தது. 1912ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானியர் எழுதிவைத்த வகை. கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் காவேரிப் பாசனக்காரனுக்கு விளக்குவது சுலபம். மேட்டூரில் இத்தனை அடி தண்ணீர் என்று தினம் பத்திரிகையில் போடுகிறார்கள். நூற்றிருபது அடி நிரம்பினால் ஜில்லா முழுவதும் சந்தோஷம். ஜூன் பன்னிரண்டில் திறந்தால் குறுவை உண்டு. ஆனால் திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் இருக்கிறவன் மேட்டூர் கணக்கைக் கேட்பதில்லை. கடைமடைக்கு வந்ததா என்று கேட்கிறான். வாய்க்கால் தூர்ந்திருந்தால், நடுவில் மதகு அடைத்திருந்தால், அணையில் நூற்றிருபது அடி இருந்தும் அவன் வயல் வெடித்துக் கிடக்கும். டி.எஸ்.எச். அணைக்கட்டுக் கணக்கு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ரத்தத்தில் ஹார்மோன் போதுமா என்று பார்த்து எழுதுகிற கணக்கு. மாத்திரையாக உள்ளே போகிற தைராக்ஸின் திசுக்களில் வேறொரு உருவத்துக்கு மாறித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு திசுவிலும் அது போதிய அளவு நடந்ததா என்று இந்தக் கணக்கு தனித்தனியாகச் சொல்வதில்லை.

உவமையை நிரூபணமாக்குவது நம் வர்க்கத்துக்கு உள்ள வியாதி. அதில் நான் விழ விரும்பவில்லை. எண் சரியான பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உபாதை தொடர்கிறது என்று மருத்துவ ஏடுகளே சொல்கின்றன. காரணத்தில்தான் தகராறு. அந்த இன்னொரு உருவத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகள் தேறியதாக 1999ல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை உறுதிப்படுத்தவில்லை. ரத்தசோகை, பி12 குறைவு, தூக்கக் கோளாறு, மாதவிடாய் நிற்கும் பருவம் எல்லாம் இதே முகத்தோடு வரக்கூடியவை. மெய்யான மனச்சோர்வும் அப்படித்தான். ஆகவே டாக்டர் குழம்புவதில் தப்பில்லை. அவர் அறைக்கு வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருப்பதும் நிஜம். என் ஆட்சேபம் அவருக்குப் பதில் தெரியாததில் இல்லை. பதில் தெரியாத இடத்தில் கேள்வியே இல்லை என்று சொல்லிவிட்டதில் இருக்கிறது. கணக்கில் தண்ணீர் இருக்கிறது, ஆகவே உன் வயல் காய்ந்திருக்க முடியாது.

5

மூன்றாவது டாக்டருக்குப் பிறகு அக்கா போக மறுத்துவிட்டாள். "என்னத்தைச் சொல்றது, சொன்னதையே சொல்லிக்கிட்டு" என்றாள். சொல்ல வேண்டாம், எழுது என்றேன். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு மாதம் எழுதினாள். அவள் அனுமதியோடு சில வரிகள்:

"செவ்வாய். ரசத்துக்கு ரெண்டு தடவை உப்பு."

"மாடிப்படி ஒன்பதாவதில் உட்கார்ந்தேன். போன மாசம் பதினொன்று."

"கோலம் பாதியில் விட்டேன். பால்காரர் மிதித்துக்கொண்டு போனார். கோபம் வரவில்லை."

"எதிர்வீட்டுப் பெண் பேர் வரவில்லை. ஏம்மா என்று கூப்பிட்டேன்."

"கொலுவில் பாடச் சொன்னார்கள். சுருதியைக் குறைத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை."

இதில் அசதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. முடியலை கூட இல்லை. குத்தகைக்குப் போன சொற்களை அவள் தொடவில்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பதாவது படி என்பது வாதத்துக்கு இடமில்லாத இடம். அங்கே நின்றவளைப் பார்த்து 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வது கஷ்டம். 'கோபம் வரவில்லை' என்பதை நம்மில் யாராவது எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் இரண்டு பக்கம் விளக்கம் கொடுத்திருப்போம்.

கும்பகோணத்தில் ஒரு டாக்டரம்மா அந்த நோட்டை வாங்கிப் படித்தார். படித்தார் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு கேட்டார்: "மாத்திரையை எப்படிப் போடறீங்க?" அக்கா, "காலையில எழுந்ததும் காபியோடதான்" என்றாள். "வேற மாத்திரை?" "ரத்தத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை, அதையும் கையோட." இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. காபி இந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது, இரும்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி, நாலு மணி நேரமாவது தள்ளி இரும்பு மாத்திரை என்று மாற்றினார். இரும்புச் சேமிப்பையும் அளந்தார், அதுவும் வெகுவாகக் குறைந்திருந்தது. கும்பகோணம் டிகிரி காபியின் மகத்துவத்தைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். நடுவில் மதகை அடைத்துக்கொண்டிருந்ததில் அதுவும் ஒன்று.

மூன்று மாதத்தில் குளிர் போயிற்று. படி பதினாலாயிற்று. ஞாபகம் முக்கால்வாசி திரும்பிற்று. காலை நேரத்துப் பாரம் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. அதைப் பற்றி டாக்டரம்மா சொன்னது: "மீதிக்கு எனக்குக் காரணம் தெரியலைம்மா. ஆனா நீங்க சொல்றது இருக்கு." அன்றைக்குப் பஸ்ஸில் அக்கா பேசாமல் வந்தாள். பாபநாசம் தாண்டியதும், "இருக்குன்னு சொல்லிட்டாங்கடா" என்றாள்.

திருக்குறளில் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளாக நோயாளி, மருத்துவன், மருந்து, கூட இருந்து பார்ப்பவன் என்று வைக்கிறது. நோயாளிதான் முதலில். இந்த வரிசை தெரியாதவர்களாக நம் டாக்டர்கள் இருப்பதில் ஆச்சரியப்பட்டு என்ன பயன்? நாம் தெரிந்தவர்களா? சிறுபத்திரிகைகளில் பெண்கள் எழுதி வந்த கதைகளுக்கு நாம் எழுதிய மதிப்புரைகளை யாராவது எடுத்துப் பார்க்கட்டும். 'அனுபவம் குறுகியது', 'அடுப்படி அலுப்பு', 'புலம்பலைத் தாண்டவில்லை'. நானும் எழுதியிருக்கிறேன், மறைப்பானேன். அவையெல்லாம் டி.எஸ்.எச். பார்த்து எழுதிய மதிப்புரைகள். வடிவம் இத்தனை, உத்தி இத்தனை, உள்ளடக்கம் நார்மல், போய் வாருங்கள். ஒன்பதாவது படியில் எதற்கு நின்றாய் என்று நாம் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. அக்காவுக்கு நோட்டு இருந்தது, எழுத்து இருந்தது, பக்கத்து நாற்காலியில் உட்கார ஒரு தம்பி இருந்தான். அக்கா வீட்டு வயலுக்கு நடவுக்கு வருகிற ஒரு பெண்ணை இரண்டு வருஷமாகக் கவனிக்கிறேன். முகத்தில் அதே உப்பல், அதே தடித்த குரல், புருவத்தின் வெளிக்கோடி உதிர்ந்திருக்கிறது. நாற்று முடியைப் பிரித்து நடுவதில் வரிசையில் எல்லோரையும்விடப் பின்தங்குகிறாள். ஆட்களைக் கூட்டிவரும் அம்மாள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'சோம்பேறி'. இந்த ஜில்லாவில் பண்ணை வீட்டுத் திண்ணைகள் பல தலைமுறையாக வயலைப் பார்த்துச் சொல்லிவந்த நோயறிதல் அது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க இப்போது அவள் தெருவுக்கே வருகிறார்கள். அவளுக்கு இரண்டும் சரியாக இருக்கிறதாம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள் என்று சொன்னேன். "ஒரு நாள் கூலி போயிடுமே சார்" என்றாள். அவளுக்கு அந்த எண்ணே இன்னும் கிடைக்கவில்லை. எண்ணைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று நான் இங்கே இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நடவுக்கு முன்னால் அக்கா அவளைத் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைய கூலியையும் தந்துவிடுவாளாம். கொண்டுபோக ஒரு புது நோட்டும் வாங்கி வைத்திருக்கிறாள்.